2008 வரைகலை அட்டை விலைப்போட்டி

2008 வரைகலை அட்டை விலைப்போட்டி என்பது, என்விடியா, ஏ.எம்.டி ஆகிய இரு அமெரிக்க நிறுவனங்கள் 2008 ஜூன் மாதத்தில் சில நாள் இடைவெளியில் வெளியிட்ட உயர்நிலை வரைகலை அட்டைகளின் விலை குறித்து எழுந்த போட்டியாகும். என்விடியா தனது ஜீஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 280 அட்டைக்கு 649 டாலரும், அதே சில்லைக் கொண்ட ஜிடிஎக்ஸ் 260 அட்டைக்கு 399 டாலரும் விலை அறிவித்தது. அடுத்த பத்து நாட்களுக்குள் ஏ.எம்.டி தனது ரேடியான் எச்டி 4870 அட்டையை 299 டாலருக்கும், எச்டி 4850 அட்டையை 199 டாலருக்கும் வெளியிட்டது. 299 டாலர் அட்டை 399 டாலர் அட்டைக்கு ஈடாகவும் பல கணினி விளையாட்டுகளில் அதை முந்தியும் இயங்கியது. ஜூலை மாதத்தில் என்விடியா தன் இரு அட்டைகளின் விலையை முறையே 499 டாலராகவும் 299 டாலராகவும் குறைக்க நேர்ந்தது.

புதிதாக வரும் உயர்நிலை அட்டை ஒன்று போட்டி அட்டைகளுக்கு எதிராக நியாயமான விலையில் விற்கப்படுகிறதா என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் எழுகிறது. அக்கேள்விக்கான விடை எவ்வளவு விரைவில் மாறக்கூடும் என்பதற்கு 2008 நிகழ்வு தெளிவான எடுத்துக்காட்டாகக் கருதப்படுகிறது. இக்கட்டுரையில் தரப்பட்டுள்ளவை யாவும் அமெரிக்கச் சந்தைக்கான, வரி நீங்கலான பரிந்துரை விலைகள் ஆகும்.

விலை அமையும் முறை

என்விடியாவும் ஏ.எம்.டியும் வரைகலைச் செயலிகளை வடிவமைக்கின்றன, தாமே வார்ப்பதில்லை. 2008 அட்டைகளுக்கான சில்லுகள் இரண்டையும் தைவானின் டிஎஸ்எம்சி ஆலையே தயாரித்தது. சில்லு பின்னர் அட்டை தயாரிக்கும் நிறுவனங்களுக்கு விற்கப்படுகிறது. அவை மின்சுற்றுப் பலகை, நினைவகம், வெப்பம் நீக்கும் விசிறி ஆகியவற்றைச் சேர்த்து முழு அட்டையாக்கி மொத்த வணிகர்களுக்கு அனுப்புகின்றன. எனவே அறிமுக நாளில் சொல்லப்படும் விலை ஒரு பரிந்துரை மட்டுமே. கடைக்காரர் அதற்குக் கூடவும் விற்கலாம், குறைத்தும் விற்கலாம்.

உயர்நிலை அட்டைகளின் விற்பனை எண்ணிக்கை சிறியது. ஆயினும் அவற்றின் விலை முக்கியமானது. மேல் அட்டையின் விலை உயரும்போது அதன் கீழுள்ள அட்டைகளுக்கும் உயர இடம் கிடைக்கிறது. மேல் அட்டை இறங்கினால் கீழுள்ளவை யாவும் இறங்கியாக வேண்டும். 2008 இல் நடந்தது இந்த இரண்டாவது வகை.

முந்தைய நிலை

ஏ.எம்.டி 2006 ஆம் ஆண்டில் கனடாவின் ஏ.டி.ஐ நிறுவனத்தை ஏறத்தாழ 540 கோடி டாலருக்கு வாங்கியது. ரேடியான் அட்டைகள் ஏ.டி.ஐயின் படைப்புகள். கைம்மாற்றம் நடந்த சில வாரங்களிலேயே, 2006 நவம்பரில், என்விடியா ஜீஃபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ் அட்டையை 599 டாலருக்கு வெளியிட்டது. ஏ.டி.ஐ தரப்பின் விடையான ரேடியான் எச்டி 2900 எக்ஸ்டி ஆறு மாதம் கழித்து, 2007 மே மாதத்தில் வந்தது. மிகுந்த மின்சாரம் உண்ட அந்த அட்டையால் 8800 ஜிடிஎக்ஸை எட்ட முடியவில்லை. அதன் விலையும் 399 டாலர் என்றே வைக்கப்பட்டது. அதே மாதம் என்விடியா 8800 அல்ட்ரா என்னும் அட்டையை 829 டாலருக்கு விற்பனைக்கு விட்டது. 8800 ஜிடிஎக்ஸை விட அது சற்றே விரைவானது, அவ்வளவுதான். எதிரில் ஆளில்லாத சந்தையில் விலை எங்கே போய் நிற்கும் என்பதை அந்த 829 டாலர் காட்டுகிறது.

2007 அக்டோபர் இறுதியில் வந்த 8800 ஜிடி இந்த நிலையைக் கலைத்தது. 8800 ஜிடிஎக்ஸின் திறனை ஏறக்குறைய எட்டிய அந்த அட்டை 200 முதல் 250 டாலர் என்ற அளவில் அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே ஏ.எம்.டி 219 டாலருக்கு எச்டி 3870 அட்டையை வெளியிட்டது. 55 நானோமீட்டர் நுட்பத்தில் வார்க்கப்பட்ட அதன் சில்லு 192 சதுர மில்லிமீட்டர் அளவே கொண்டது. திறனில் அது 8800 ஜிடியை வெல்லவில்லை. ஆனால் ஏ.டி.ஐ பொறியாளர்கள் எந்தத் திசையில் செல்கிறார்கள் என்பதை முதலில் காட்டியது அச்சில்லே.

இரு வடிவமைப்புக் கொள்கைகள்

தொழில்நுட்பம் தரும் எல்லை வரை மிகப் பெரிய ஒரு சில்லை உருவாக்குவதும், அதில் குறைபாடுள்ளவற்றைச் சில பகுதிகளை முடக்கி மலிவாக விற்பதும் அந்நாள் வரை இரு நிறுவனங்களுக்கும் பொதுவான வழக்கம். 2005 அளவில் ஏ.டி.ஐயில் இவ்வழக்கம் கேள்விக்கு உள்ளானது. நடுத்தர அளவுச் சில்லு ஒன்றை வடிவமைத்து அதை 200 முதல் 300 டாலர் விலைக்குப் பொருத்துவது, மிக உயர்ந்த நிலைக்கு அதே சில்லில் இரண்டை ஓர் அட்டையில் வைப்பது என்று அங்கு முடிவு செய்யப்பட்டது. வேகப் பட்டத்தை எதிராளிக்கு விட்டுக்கொடுக்கும் முடிவாக அது அப்போது பலருக்குத் தோன்றியது. அம்முடிவின் விளைவே எச்டி 4850, எச்டி 4870 இரண்டுக்கும் அடிப்படையான ஆர்வி770 சில்லு.

என்விடியா பழைய வழியிலேயே சென்றது. அதன் ஜிடி200 சில்லில் 140 கோடி டிரான்சிஸ்டர்கள் இருந்தன. 65 நானோமீட்டர் நுட்பத்தில் வார்க்கப்பட்ட அச்சில்லின் பரப்பு 576 சதுர மில்லிமீட்டர். ஆர்வி770 சில்லில் 95.6 கோடி டிரான்சிஸ்டர்கள் இருந்தன. 55 நானோமீட்டர் நுட்பத்தால் அதன் பரப்பு சுமார் 256 சதுர மில்லிமீட்டரில் அடங்கியது.

இப்பரப்பு வேறுபாட்டின் பொருளைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆலை விலை பேசுவது சில்லுக்கு அன்று, 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிக்கான் வட்டுக்கு. சதுர வடிவச் சில்லுகளை வட்டில் அடுக்கினால் விளிம்பில் வீணாவது போக ஜிடி200 சில்லுகள் சுமார் 95 அமையும்; ஆர்வி770 சில்லுகள் சுமார் 230 அமையும். இதோடு கணக்கு முடிவதில்லை. வார்ப்பில் நேரும் நுண்ணிய குறைகள் வட்டின் மேல் ஆங்காங்கே விழுகின்றன. பெரிய சில்லின் மேல் ஒரு குறையாவது விழும் வாய்ப்பு அதிகம். சதுர சென்டிமீட்டருக்குச் சராசரியாக 0.2 குறை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 95 பெரிய சில்லுகளில் சுமார் 30 மட்டுமே முழுமையாகத் தேறும்; 230 சிறிய சில்லுகளில் சுமார் 140 தேறும். உண்மையான குறை விகிதத்தை நிறுவனங்கள் வெளியிடுவதில்லை. ஆயினும் பரப்பு இரண்டேகால் மடங்கானால் ஒரு நல்ல சில்லின் செலவு அதைவிட மிகுதியாக ஏறும் என்பது எந்த விகிதத்துக்கும் பொருந்தும். 240 கணிப்பு அலகுகளில் 48ஐ முடக்கிய ஜிடிஎக்ஸ் 260 அட்டை, தேறாத சில்லுகளை வீணாக்காமல் விற்பதற்கான வழியும் ஆகும்.

நினைவகத்திலும் இதே வேறுபாடு தொடர்ந்தது. ஜிடிஎக்ஸ் 280 பழைய ஜிடிடிஆர்3 நினைவகத்தை 512 பிட் அகலப் பாட்டை வழியாக அணுகியது. அகலமான பாட்டைக்குச் சில்லின் ஓரத்தில் கூடுதல் இணைப்புமுனைகள் வேண்டும். பலகையில் கூடுதல் கம்பித்தடங்கள் வேண்டும். நினைவகச் சில்லுகளும் கூடுதலாக வேண்டும். எச்டி 4870 புதிய ஜிடிடிஆர்5 நினைவகத்தைப் பயன்படுத்திய முதல் அட்டை. அதன் பாட்டை 256 பிட் அகலம் மட்டுமே கொண்டது. எனினும் நொடிக்கு 115.2 கிகாபைட் தரவைக் கடத்தியது. 448 பிட் பாட்டை கொண்ட ஜிடிஎக்ஸ் 260 கடத்தியது நொடிக்கு 111.9 கிகாபைட். வடிவமைப்புத் தொடங்கியபோது ஜிடிடிஆர்5 சந்தையில் இல்லை என்பதால் ஏ.டி.ஐ பொறியாளர்கள் எடுத்தது துணிந்த முடிவுதான். அது பிசகியிருந்தால் இக்கட்டுரைக்கே தேவை இருந்திராது.

ஒரு குறிப்பு இங்கே தேவைப்படுகிறது. ஜிடிஎக்ஸ் 280 இல் 240 கணிப்பு அலகுகள், எச்டி 4870 இல் 800 கணிப்பு அலகுகள் என்று விளம்பரங்கள் கூறின. இவ்விரண்டையும் நேரடியாக ஒப்பிடல் ஆகாது. ரேடியானின் அலகுகள் ஐந்தைந்தாகக் கட்டப்பட்டவை. ஒவ்வொரு கட்டிலும் ஐந்துக்கும் ஒரே நேரத்தில் வேலை கிடைப்பது அரிது. என்விடியாவின் அலகுகள் தனித்தனியாக இயங்கியவை. அவற்றின் கடிகார வேகமும் அதிகம்.

வெளியீடும் விலைக் குறைப்பும்

ஜிடிஎக்ஸ் 280 ஜூன் நடுப்பகுதியில் வெளியானது. ஒற்றைச் சில்லு அட்டைகளில் அதுவே அன்று மிக விரைவானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் முதல் போட்டியாளர் என்விடியாவின் சொந்த வீட்டிலேயே இருந்தது. இரு சில்லுகள் கொண்ட ஜீஃபோர்ஸ் 9800 ஜிஎக்ஸ்2 அட்டை 2008 மார்ச்சில் 599 டாலருக்கு வந்திருந்தது; பல விளையாட்டுகளில் அது புதிய 649 டாலர் அட்டையை விட வேகமாக இயங்கியது.

பின்னர் ரேடியான்கள் வந்தன. முறையான அறிமுக நாள் ஜூன் 25 ஆயினும் எச்டி 4850 அதற்குச் சில நாள் முன்பே கடைகளில் கிடைத்தது. 199 டாலர் விலையுள்ள அவ்வட்டை, ஏப்ரலில் சுமார் 300 டாலருக்கு அறிமுகமான ஜீஃபோர்ஸ் 9800 ஜிடிஎக்ஸுக்கு இணையாக இருந்தது. என்விடியா உடனே 9800 ஜிடிஎக்ஸை 199 டாலருக்கு இறக்கியது. அதன் சற்றே விரைவான 55 நானோமீட்டர் வடிவத்தை 229 டாலருக்கு அறிவித்தது. 299 டாலர் எச்டி 4870 வந்த பிறகு 399 டாலர் ஜிடிஎக்ஸ் 260 அட்டையை வாங்குவதற்குக் காரணம் சொல்வது கடினமாயிற்று. ஜூலையில் வந்த குறைப்பால் ஜிடிஎக்ஸ் 280 தன் விலையில் 150 டாலரையும் ஜிடிஎக்ஸ் 260 தன் விலையில் 100 டாலரையும் இழந்தன.

முதல் வாரத்திலேயே முழு விலை கொடுத்து வாங்கியவர்கள் ஏமாந்தவர்களாயினர். அட்டை தயாரிப்பாளர்கள் சிலர் அவர்களுக்கு விலை வேறுபாட்டின் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தனர்.

விலைக்கேற்ற மதிப்பு

649 டாலர் விலையில் ஜிடிஎக்ஸ் 280 போட்டிக்குரிய விலையில் இருந்ததா என்பதற்கு விடை எளிது: இல்லை. எச்டி 4870ஐ விட அது பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்கு அளவே விரைவாக இருந்தது; விலையோ இரு மடங்குக்கும் மேல். 398 டாலருக்கு இரண்டு எச்டி 4850 அட்டைகளை வாங்கி இணைத்தால், இணைப்பு நன்கு வேலை செய்த விளையாட்டுகளில் ஜிடிஎக்ஸ் 280ஐ முந்தவும் முடிந்தது. இணைப்பு வேலை செய்யாத விளையாட்டுகளில் இரண்டாவது அட்டை வெறுமனே இருக்கும் என்பதையும், இரு சில்லு அமைப்புகளில் படச் சட்டங்கள் சீரற்ற இடைவெளியில் வருவதால் காட்சி தடுமாறும் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

499 டாலர் விலையில் விடை அவ்வளவு எளிதன்று. ஜிடிஎக்ஸ் 280 இல் 1 கிகாபைட் நினைவகம் இருந்தது. முதலில் வந்த எச்டி 4870 இல் 512 மெகாபைட் மட்டுமே. 30 அங்குலத் திரைகளின் 2560 x 1600 பிரிதிறனில் இவ்வேறுபாடு தெரிந்தது. எச்டி 4850 ஒற்றைத் துளையில் அடங்கும் மெல்லிய விசிறியுடன் வந்ததால் மிகவும் சூடானது. முழு வேலையில் எச்டி 4870 இன் வரம்பு சுமார் 150 வாட், ஜிடிஎக்ஸ் 280 இன் வரம்பு 236 வாட் என்றபோதிலும், கணினி சும்மா இருக்கும் வேளையில் நிலைமை தலைகீழ். ரேடியான் அப்போதும் கணிசமான மின்சாரத்தை உண்டது. வாரத்தில் சில மணி நேரம் மட்டும் விளையாடும் ஒருவருக்கு இது மின்கட்டணத்தில் தெரியும் செய்தி. அறிமுக நாள் ஒப்பீடுகளில் இதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை.

என்விடியா தன் கூடுதல் விலைக்கு வேறு காரணங்களையும் முன்வைத்தது. 2008 பிப்ரவரியில் ஏஜியா நிறுவனத்தை வாங்கியதன் வழியே கிடைத்த பிசிக்ஸ் இயற்பியல் மென்பொருள் ஒன்று. வரைகலைச் செயலியில் பொதுக் கணிப்புகளைச் செய்ய உதவும் கூடா மற்றொன்று. விளையாடுபவருக்கு அன்று இவற்றால் பெரிய பயன் இல்லை. ஆனால் கூடா பின்னாளில் ஆய்வுக்கூடங்களிலும் இயந்திரக் கற்றலிலும் நிலைபெற்று, என்விடியாவின் வருவாய்க்கே அடித்தளமாயிற்று.

விளைவுகள்

2008 ஜூலையில் முடிந்த காலாண்டில் என்விடியா சுமார் 12 கோடி டாலர் இழப்பைக் காட்டியது. அதற்கு முதன்மைக் காரணம் விலைப்போட்டி அன்று. மடிக்கணினிச் சில்லுகளில் கண்ட பழுதுக்காக ஒதுக்கிய 19.6 கோடி டாலரே. எனினும் போட்டியாளரின் விலைக்கேற்ற திறனைத் தாம் குறைத்து மதிப்பிட்டதாக என்விடியாவின் தலைமைச் செயல் அலுவலர் ஜென்சன் ஹுவாங் அப்போது ஒப்புக்கொண்டார்.

ஆகஸ்டில் ஏ.எம்.டி இரு ஆர்வி770 சில்லுகளைக் கொண்ட எச்டி 4870 எக்ஸ்2 அட்டையை 549 டாலருக்கு வெளியிட்டு வேகப் பட்டத்தையும் எடுத்துக்கொண்டது. என்விடியா செப்டம்பரில் 216 அலகுகள் கொண்ட ஜிடிஎக்ஸ் 260ஐயும், 2009 ஜனவரியில் 55 நானோமீட்டருக்குச் சுருக்கிய சில்லுடன் ஜிடிஎக்ஸ் 285, இரு சில்லு ஜிடிஎக்ஸ் 295 ஆகியவற்றையும் கொண்டுவந்தது. 2009 ஏப்ரலில் ரேடியான் எச்டி 4890, ஜீஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 275 இரண்டும் 249 டாலர் என்ற ஒரே விலையில் எதிரெதிரே நின்றன. ஜிடிஎக்ஸ் 275 இல் இருந்தவை அதே 240 கணிப்பு அலகுகள்தாம். 649 டாலரில் தொடங்கியது பத்து மாதத்தில் 249 டாலருக்கு வந்திருந்தது.

விலை உடன்பாட்டு வழக்கு

இவ்விலைப்போட்டி நடந்த அதே காலத்தில், இரு நிறுவனங்களும் விலைகளைப் பற்றித் தமக்குள் பேசிவைத்துக்கொண்டன என்ற குற்றச்சாட்டு நீதிமன்றத்தில் இருந்தது என்பது வியப்பான செய்தி. 2006 இறுதியில் அமெரிக்க நீதித்துறை இரு நிறுவனங்களிடமும் ஆவணங்களைக் கேட்டது. அதைத் தொடர்ந்து நுகர்வோர் தரப்பில் வழக்குகள் தொடுக்கப்பட்டன. 2008 செப்டம்பரில் என்விடியாவும் ஏ.எம்.டியும் ஆளுக்கு 8.5 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ள இசைந்தன. நீதித்துறையின் விசாரணை குற்றச்சாட்டு ஏதுமின்றி முடிந்தது. இருவர் மட்டுமே விற்கும் சந்தையில் கடும் போட்டியும் அமைதியான இணக்கமும் ஒன்றுக்கொன்று தொலைவில் இருப்பதில்லை.

பிற்கால நிலை

ஏ.எம்.டி 2009 செப்டம்பரில் எச்டி 5870ஐ 379 டாலருக்கும் எச்டி 5850ஐ 259 டாலருக்கும் வெளியிட்டது. என்விடியாவின் விடை 2010 மார்ச் வரை வரவில்லை; ஆலையிலிருந்து வந்த சில்லுகளும் போதவில்லை. எச்டி 5850 இன் விலை 299 டாலராக ஏறியது. முந்தைய ஆண்டு விலையை இறக்கிய அதே நிறுவனம்தான் இது.

2012 இல் வேடங்கள் மாறின. ஏ.எம்.டியின் எச்டி 7970 அட்டை 549 டாலருக்கு வந்திருந்த நிலையில், மார்ச்சில் என்விடியா ஜிடிஎக்ஸ் 680ஐ 499 டாலருக்கு வெளியிட்டது. அதன் சில்லின் பரப்பு 294 சதுர மில்லிமீட்டர், பாட்டை 256 பிட். அதாவது, 2008 இல் ஏ.எம்.டி 299 டாலருக்கு விற்ற அளவிலான சில்லை என்விடியா 499 டாலருக்கு விற்றது. அதுவும் எதிராளியை விடக் குறைந்த விலை என்ற பெயருடன். ஏப்ரலில் எச்டி 7970 இன் விலை 479 டாலரானது. சிறிய சில்லின் பாடத்தை என்விடியா நன்கு கற்றுக்கொண்டது. அதன் ஆதாயம் இம்முறை வாங்குபவரைச் சேரவில்லை.

2013 அக்டோபரில் ஏ.எம்.டி ஆர்9 290எக்ஸ் அட்டையை 549 டாலருக்கு வெளியிட்டபோது, 649 டாலர் ஜிடிஎக்ஸ் 780 சில நாட்களில் 499 டாலருக்கு இறங்கியது. 2008 போன்ற ஒரே வீச்சிலான 150 டாலர் வீழ்ச்சி அப்போது மீண்டும் நிகழ்ந்தது. 2018 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ வந்தபோது எதிரில் இணையான ரேடியான் இல்லை. அதன் பரிந்துரை விலை 999 டாலரில் தொடங்க, என்விடியாவின் சொந்தப் பதிப்பு 1,199 டாலருக்கு விற்கப்பட்டது. 2020 இல் 699 டாலர் ஆர்டிஎக்ஸ் 3080 அட்டைக்கு எதிராக 649 டாலர் ஆர்எக்ஸ் 6800 எக்ஸ்டி வந்தது. ஆனால் பெருந்தொற்றுக்காலத் தட்டுப்பாடும் மின்னணு நாணய அகழ்வும் சேர்ந்து அவ்விரு விலைகளையும் வெறும் தாள் விலைகளாக்கின.

2022 இறுதியில் என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090ஐ 1,599 டாலருக்கும் ஆர்டிஎக்ஸ் 4080ஐ 1,199 டாலருக்கும் வெளியிட்டது. ஏ.எம்.டியின் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் 999 டாலருக்கு வந்து 4080 உடன் மோதியது. விலை இறங்கவே செய்தது, ஆனால் வாரங்களில் அன்று. 2024 ஜனவரி இறுதியில் 4080 சூப்பர் என்ற பெயரில் 999 டாலர் அட்டை வந்த பிறகே. 4090 அட்டைக்கு எதிராளி யாரும் இல்லாததால் அதன் விலை அசையவில்லை. 2025 ஜனவரியில் அதன் வழித்தோன்றலான ஆர்டிஎக்ஸ் 5090 அட்டை 1,999 டாலருக்கு அறிமுகமானது.

அத்தலைமுறையில் ஏ.எம்.டி மிக உயர்ந்த நிலையில் போட்டியிடவே இல்லை. 2025 மார்ச்சில் அது வெளியிட்ட ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி அட்டையின் பரிந்துரை விலை 599 டாலர். அதற்கு நேரெதிரான ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ அட்டையின் விலை 749 டாலர். முன்னதன் சில்லு சுமார் 357 சதுர மில்லிமீட்டர், பின்னதன் சில்லு 378 சதுர மில்லிமீட்டர். இரு சில்லுகளும் ஏறத்தாழ ஒரே அளவின. இரண்டும் மீண்டும் டிஎஸ்எம்சி ஆலையிலேயே வார்க்கப்பட்டவை. அறிமுகத்துக்குப் பிந்தைய மாதங்களில் பல கடைகளில் இரண்டுமே பரிந்துரை விலைக்கு மேல்தான் விற்றன.